கைக்குத் தட்டுப்படும் முன்னே
(குடும்ப நிகழ்ச்சியின் நலவாழ்வு அமர்வில் ஆற்றிய உரை)





பெண்கள் நலம் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். ஒரு மருத்துவரின் ஆய்வுப் பணியைப் பற்றிச் சொல்லப்போகிறேன். "வலியும் இல்லை, கட்டியும் இல்லை, பிறகு எதற்கு மேமோகிராம்?" என்று நம் வீட்டு உம்மாமார் கேட்கும் கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது.

அவர் பெயர் லாஸ்லோ தபார். ஹங்கேரியில் பிறந்து ஸ்வீடனில் குடியேறியவர். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைக் கண்டறியும் கதிரியக்க மருத்துவர். ஃபாலூன் என்ற சிறு நகரத்து மருத்துவமனையில் பணியாற்றினார்.

மேமோகிராம் சிறிய கட்டியையும் காட்டும் என்பது அப்போதே தெரியும். ஆனால், அதனால் உயிர் பிழைக்கிறார்களா? இதை நிரூபிப்பது எளிதல்ல. ஒரு பெண் 2016இல் இறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயை 2013இல் கண்டுபிடித்திருந்தால் மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார் என்போம். 2010இலேயே கண்டுபிடித்திருந்தால் ஆறு ஆண்டுகள் என்போம். இறந்த நாளோ ஒன்றுதான். ஆகவே கண்டுபிடித்த நாளிலிருந்து ஆண்டுகளை எண்ணினால் ஏமாந்துபோவோம். இறப்புகள் குறைகின்றனவா என்றே பார்க்கவேண்டும்.

அதற்காக 1977இல் ஸ்வீடனின் இரண்டு மாவட்டங்களில் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. 40 முதல் 74 வயது வரையிலான ஏறக்குறைய 133,000 பெண்கள் அதில் இடம்பெற்றார்கள். பகுதிவாரியாகக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரை மட்டும் பரிசோதனைக்கு அழைத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம் தொடர்ந்தது. 1985இல் முடிவு 'லான்செட்' இதழில் வந்தது: அழைக்கப்பட்ட பிரிவில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 31 விழுக்காடு குறைவு. தபாரும் குழுவினரும் அத்துடன் நிறுத்தவில்லை. அதே பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 29 ஆண்டுகால விவரங்களை 2011இல் வெளியிட்டார்கள். பயன் நிலைத்திருந்தது.

இன்னொரு பெரும்பணி, கற்பித்தல். பீட்டர் டீன் என்பவருடன் சேர்ந்து மேமோகிராம் படங்களைப் படிப்பதற்கான பாடநூலை எழுதினார். இரண்டு மார்பகங்களின் படங்களையும் கண்ணாடிப் பிம்பம்போல அருகருகே வைத்து, மற்றப் பகுதியை மறைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது அந்நூல். முழுப் படத்தையும் ஒரே பார்வையில் பார்த்தால் உப்புத்தூள் அளவு வெண்புள்ளிகள் கண்ணுக்குத் தப்பிவிடும். அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதையும் பாடமாக்கினார். பல நாடுகளுக்குச் சென்று மருத்துவர்களுக்குப் பயிற்சி தந்தார். கருவி நல்லதாக இருந்தால் போதாது, அதைப் படிக்கும் கண்ணும் பழகியிருக்கவேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இளம் வயதினருக்கு மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் படம் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளைதான், மறைந்துவிடலாம். வாழ்நாள் முழுதும் தொல்லை தராத சில புற்றுகளும் கண்டுபிடிக்கப்பட்டுச் சிகிச்சைக்கு உள்ளாகின்றன. இதன் அளவு பற்றி அறிஞர்களிடையே விவாதம் நடக்கிறது. மறுபடி வரச்சொல்லிக் கடிதம் வந்தால் பதறவேண்டாம். அப்படி அழைக்கப்படுவோரில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை.

சிங்கப்பூரில் 2002இல் தேசிய மார்பகப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. 50 முதல் 69 வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை செல்லவேண்டும். 40களில் இருப்பவர்கள் மருத்துவரிடம் கலந்து பேசி முடிவெடுக்கலாம். 50 வயதைத் தாண்டியவர்கள் மெடிசேவ் பணத்தையும் பயன்படுத்தலாம்.

"ஆண்கள் முன்னால் எப்படி?" என்ற தயக்கம் நம்மிடம் உண்டு. தேசியத் திட்டத்தில் படம் எடுப்பவர்கள் பெண்களே. தட்டுகளுக்கிடையே சில நொடிகள் அழுத்தும்போது வலிக்கும். திசு பரவினால்தான் படம் தெளிவாகும், கதிர்வீச்சும் குறையும். ஆனால், கட்டியோ, தோல் சுருக்கமோ, காம்பில் கசிவோ கண்டால் அடுத்த மேமோகிராம் வரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள்.

சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. அழைப்புக் கடிதம் மேசை இழுப்பறையில் கிடந்தால் எடுத்து உம்மாவுக்கோ ராத்தாவுக்கோ படித்துக் காட்டுங்கள். நாள் குறித்துக் கொடுங்கள். அன்று பேரப்பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாருக்கும் சமைத்துப் போட்டுவிட்டுத் தம் உடம்பைக் கடைசியாக நினைப்பவர்கள் அவர்கள். அந்த ஒரு காலைப்பொழுதை அவர்களுக்கு நாம் ஒதுக்கித் தரவேண்டும்.