மெர்போக் ஆற்றின் வழியே: வடிநிலக் களப்பயணமும் தமிழ்க் கல்வியும்



இன்று பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் கெடா மாநிலத்தின் மெர்போக் ஆறும், அதனை ஒட்டி நம் மாணவர்களை அழைத்துச் செல்ல வேண்டிய களப்பயணமும் ஆகும். மொழியியல் துறையைச் சேர்ந்த ஒருவர் ஆற்றைப் பற்றிப் பேசுவானேன் என்ற கேள்வி எழலாம். சொல்லுக்கும் அது சுட்டும் பொருளுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும்போது மொழி மெலிகிறது. நம் பிள்ளைகளுக்கு ஓடை, மடு, கழி, வண்டல், ஓதம் ஆகிய சொற்கள் தேர்வுத்தாளில் மட்டுமே அறிமுகமாகின்றன. அந்தப் பொருள்கள் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் கண்முன் கிடக்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்துவைப்பதே என் உரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எவ்வளவு நிலப்பரப்பில் விழும் மழை ஒரே ஆற்றில் வந்து சேர்கிறதோ, அவ்வளவு நிலமும் அந்த ஆற்றின் வடிநிலம். மலைமுகட்டின் ஒருபுறம் விழும் துளி ஓர் ஆற்றுக்கும், மறுபுறம் விழும் துளி வேறோர் ஆற்றுக்கும் போகும். அவ்வாறு நீரைப் பிரித்தனுப்பும் உயர்நிலத்தை நீர்ப்பிரி மேடு என்கிறோம். மாநில எல்லைகள் மனிதர் வரைந்தவை. வடிநிலத்தின் எல்லையை நீரே வரைகிறது.

ஆண்டுதோறும் நம் பள்ளிப் பேருந்துகள் பூஜாங் பள்ளத்தாக்குக்குச் செல்கின்றன. மாணவர்கள் தொல்பொருள் காட்சியகத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள். இராஜேந்திர சோழன் கடாரம் வென்றான் என்று கேட்கிறார்கள். படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். இதனை நான் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் அந்தக் கட்டடங்கள் ஏன் அங்கே எழுந்தன என்ற கேள்வியை எவரும் எழுப்பாமலே பயணம் முடிந்துவிடுகிறது. அக்கேள்விக்குரிய விடை காட்சியகத்துக்கு வெளியே, ஆற்றில் இருக்கிறது. ஆகவே பயணத்தை மலைமுகட்டில் தொடங்கி, நீர் செல்லும் திசையிலேயே கழிமுகம்வரை நடத்த வேண்டும் என்பது என் பரிந்துரை.

முதல் நிலை ஜெராய் மலை. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள இம்மலை, கடலோரச் சமவெளியில் தனித்து எழுந்து நிற்கிறது. வங்கக் கடலைக் கடந்து வந்த பழங்கால மாலுமிகளுக்கு இதுவே கரையை அறிவித்த அடையாளம். மேலே நின்று பார்க்கும் மாணவனுக்கு முகடு, சரிவு, சாரல், பள்ளத்தாக்கு ஆகிய நான்கு சொற்களையும் விரல் நீட்டிக் காட்டிவிடலாம். வடசரிவில் விழும் மழை யான் பகுதிக்கு இறங்குகிறது. தென்சரிவில் விழும் மழை பூஜாங், மெர்போக் கெச்சில் முதலிய சிற்றாறுகளாகி மெர்போக்கை அடைகிறது. நீர்ப்பிரி மேடு என்பது என்ன என்று அதன்பின் எந்த மாணவனும் கேட்கமாட்டான்.

இரண்டாம் நிலை, மலையடிவாரத்தில் உள்ள புக்கிட் பத்து பஹாட். மலாய்மொழியில் பழைய இந்து, பௌத்த வழிபாட்டுக் கட்டட எச்சங்களைச் சண்டி என்பர். இங்குள்ள சண்டியை 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் இணையர் அகழ்ந்தனர்; 1960ஆம் ஆண்டையொட்டி அது மீளமைக்கப்பட்டது. அருகிலேயே சிற்றாறு பாறைகளிடையே ஓடுகிறது. சண்டியின் கல்லும் ஓடையின் கல்லும் கருங்கல்லே என்பதை மாணவர்கள் தொட்டுப் பார்த்து அறியலாம். பத்து பஹாட் என்றால் உளியால் செதுக்கிய கல் என்று பொருள்.

இவ்விடத்தில் ஒரு மொழிப்பாடமும் இருக்கிறது. மலாய்மொழியில் கல்லைக் குறிக்கும் சொல், தமிழ் எழுத்தில் பத்து என்று அமைகிறது. அதனால் சுங்கை பத்து என்று படிக்கும் குழந்தை அதனைப் பத்தாம் எண் ஆறு என எண்ணிக்கொள்கிறது. பத்துமலையைப் பத்தாவது மலையாக விளக்கும் வழக்கு நம்மிடையே உள்ளதை அனைவரும் அறிவர். அதனை நகையாட வேண்டியதில்லை. மக்கள் தாம் அறிந்த மொழியால் அறியாத பெயருக்குப் பொருள் காண்பது உலகெங்கும் உள்ள இயல்பு. ஆனால் ஆசிரியர் அந்த இடத்திலேயே ஓடைக்கல் ஒன்றை எடுத்துக் காட்டி, இதுதான் பத்து என்று சொன்னால், ஒரு கல்லால் இரு மொழிகள் விளங்கும்.

காட்சியக வளாகத்திற்குப் பெயர்த்துக் கொணரப்பட்ட மற்றச் சண்டிகளின் பெயர்களையும் இவ்வாறே படிக்கலாம். பெங்காலான் என்பது படகு ஒதுங்கும் துறை; பெண்டாங் என்பது நெல்வயல். பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் என்னும் பெயர்களே அவை முன்பு நின்ற நிலத்தின் தன்மையைச் சொல்கின்றன. உலு என்றால் ஆற்றின் மேற்பகுதி. கோலா என்றால் ஆறு கடலையோ மற்றோர் ஆற்றையோ சேருமிடம். லூபோக் என்றால் மடு. பாயா என்றால் சதுப்பு நிலம். இந்நாட்டு ஊர்ப்பெயர்களில் பெரும்பகுதி நீரின் வரலாறே. தமிழ்க் குழந்தை அவற்றைத் தமிழில் விளங்கிக்கொள்ளும்போது தான் வாழும் நாட்டையே விளங்கிக்கொள்கிறது.

மூன்றாம் நிலை சுங்கை பத்து. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் 2009 முதல் இங்கு நிகழ்த்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைக்களங்களும், ஊதுலைக்குக் காற்றுச் செலுத்திய சுடுமண் குழாய்களும், செங்கல்லாலான படகுத்துறைகளும் வெளிப்பட்டன. இவற்றின் மிகப் பழைய காலத்தைப் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனையும் மாணவரிடம் மறைக்காமல் கூறுவதே அறிவுடைமை. அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. செம்பனைக் காட்டின் நடுவே, தரையின்மேல், படகுத்துறை எப்படி வந்தது? முன்னாளில் ஆற்றின் நீர்ப்பரப்பு இங்கே விரிந்து கிடந்தது. மலையிலிருந்து அடித்துவரப்பட்ட மண், நூற்றாண்டுக் கணக்கில் படிந்து அதனைத் தூர்த்தது. வண்டல் என்னும் சொல்லுக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் எந்த அகராதியிலும் கிடைக்காது. துறைமுகம் ஏன் தளர்ந்தது என்பதற்குரிய காரணங்களுள் ஒன்றும் அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

வரலாற்றைச் சரியான அளவில் வைக்கவும் இவ்விடமே உதவும். தமிழருக்கு இந்நிலத்தோடு தொன்மையான தொடர்பு உண்டு, அதில் ஐயமில்லை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பொருள்களுள் காழகத்துப் பொருளையும் சேர்த்துக் கூறுகிறது. நச்சினார்க்கினியர் காழகம் என்பதற்குக் கடாரம் என்று உரை வரைந்தார். ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் வழங்கப்பட்டதைச் சோழர் செப்பேடு தெரிவிக்கிறது. அதன்பின் 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடற்படையெடுப்பைத் தஞ்சைக் கல்வெட்டு பதிவு செய்துள்ளது. வணிகம், வழிபாடு, போர் ஆகிய மூன்றும் இத்தொடர்பில் உள. நாமோ போரை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம்.

இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். அந்த உலைகளில் இரும்பு உருக்கியவர்கள் இந்நிலத்து மக்கள். 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குச் சென்ற சீனத் துறவி ஈசிங் கெடாவில் தங்கிச் சென்றார். பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. மூடா ஆற்றுக்குத் தெற்கே உள்ள நிலப்பகுதியில் 1834இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த வடமொழிக் கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவனின் பெயரைத் தாங்கியது. ஒரே ஆற்றங்கரைக்குப் பலர் வந்தனர். ஏற்கெனவே அங்கு வாழ்ந்தவர்கள் அவர்களை ஏற்றுப் பொருள் மாற்றினர். இந்த முழு வரலாற்றையும் அறிந்த தமிழ் மாணவன், தன் மலாய், சீன நண்பர்களோடு ஒரே பேருந்தில் வந்து, தன் முன்னோரின் பங்கைப் பெருமையோடும் அளவோடும் எடுத்துச் சொல்ல இயலும்.

நான்காம் நிலை செமெலிங் படகுத்துறையும் அதனைச் சூழ்ந்த அலையாத்திக் காடும். நம் மாணவர்கள் இதனைப் பாக்காவ் என்று மலாய்ச் சொல்லால் அறிந்திருப்பார்கள். பழந்தமிழில் கண்டல் என்னும் சொல் உண்டு. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிடும் விதை, சேற்றிலிருந்து மேல்நோக்கி நீளும் சுவாச வேர், ஏறி இறங்கும் ஓதம் ஆகியவற்றை இங்கே காணலாம். ஓதம் குறைந்திருக்கும் வேளையில் சென்றால் வேர்கள் தெரியும். பெருகியிருக்கும் வேளையில் படகு எளிதாகச் செல்லும். ஆகவே நாளையும் நேரத்தையும் ஓத அட்டவணை பார்த்துத் திட்டமிடல் வேண்டும்.

ஐந்தாம் நிலை தஞ்சோங் டாவாய். ஆறு கடலோடு கலக்குமிடத்தில் வடகரையில் உள்ள மீனவர் ஊர். எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா தெரியும். கருவாடு காயும் தட்டிகளின் அருகே நின்று, காலையில் முகட்டில் கண்ட நீர் இங்கே வந்து சேர்ந்ததை மாணவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். மேலே காடு அழிந்தால் இங்கே சேறு மிகும். நடுவே கழிவு கலந்தால் இங்கே மீன் குறையும். சுற்றுச்சூழல் பாடம் இதனினும் எளிமையாக அமையாது.

நம் மொழியே இத்தகைய பயணத்துக்கு ஏற்றவாறு அமைந்திருக்கிறது. ஆறு என்பது நீரோட்டத்தையும் வழியையும் ஒருங்கே குறிக்கும். ஆற்றுப்படுத்துதல் என்பது வழிகாட்டுதல். நீர்நிலையில் இறங்குமிடமாகிய துறை, கல்வித் துறையையும் குறிக்கும். ஒழுகுதல் நீருக்கும் உரியது, நடத்தைக்கும் உரியது. அதிலிருந்தே ஒழுக்கம் பிறந்தது. அருவமான கருத்துகளைத் தமிழர் நீரின் இயக்கத்திலிருந்து பெற்றனர். அச்சொற்களுள் சில கடல் கடந்தும் வந்தன. குளம் மலாய்மொழியில் கோலாம் ஆயிற்று. கப்பல் காப்பால் ஆயிற்று. கடை கெடாய் ஆயிற்று.

மற்றொரு கருவூலமும் நமக்கு உண்டு. இவ்வடிநிலத்தின் தோட்டங்களில் பால்வெட்டி வாழ்ந்த நம் முதியவர்கள், ஒவ்வோர் ஓடைக்கும் மேட்டுக்கும் தமக்குள் பெயர் வைத்து வழங்கியவர்கள். லயங்கள் மறைந்தன, இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, குடும்பங்கள் நகருக்குப் பெயர்ந்தன. அப்பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இன்று எண்பதை நெருங்குகிறார்கள். களப்பயணத்தில் ஒரு தாத்தாவையோ பாட்டியையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். மாணவர் கேட்கட்டும்; எழுதட்டும்.

இது ஏன் அவசரமான பணி என்பதற்கு ஒரு நிகழ்வைச் சுட்டுகிறேன். 2013ஆம் ஆண்டில், சுங்கை பத்துத் தோட்டப் பகுதியில் பதினொன்றாம் எண்ணுடைய சண்டி, நிலம் திருத்தும் பணியில் இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வெளியான பிறகே நாடு திடுக்குற்றது. ஆய்வாளர் பட்டியலில் அதற்கு எண் இருந்தது. அவ்வழியே ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகள் நடந்து சென்றிருந்தால், இடிக்கும் முன்னரே யாரேனும் கேட்டிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். சட்டம் காப்பதோடு மக்களின் பழக்கமும் சேர்ந்தே ஓர் இடத்தைக் காக்க முடியும்.

ஆசிரியர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ஐந்து நிலைகளையும் ஒரே நாளில் திணிக்க வேண்டா. இரு நாள்களாகப் பிரித்துக்கொள்க. கெடாவில் மழை குறைந்த சனவரி, பிப்ரவரி மாதங்களில் ஓடைகளில் நீர் இளைத்திருக்கும். செப்டம்பர், அக்டோபரில் பெருகியிருக்கும். இயன்றால் இரு பருவங்களிலும் ஒரே இடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு மாணவனும் குறிப்பேட்டில் கண்டது, அதன் தமிழ்ப்பெயர், அதன் மலாய்ப்பெயர், எழுந்த கேள்வி என நான்கு பத்திகள் வரைந்துகொள்ளட்டும். தமிழ்ப்பெயர் தெரியாத இடத்தை வெறுமையாக விடட்டும். வகுப்புக்குத் திரும்பியபின் தேடி நிரப்புவதே மறுநாள் பாடம். சொற்பட்டியலை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்துவிட்டால் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

கெடாவுக்குச் செல்ல இயலாத பள்ளிகள் வருந்த வேண்டியதில்லை. இந்நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் அருகே சிறிதேனும் ஒரு நீரோட்டம் இருக்கும். அது எங்கே தோன்றுகிறது, எங்கே சேருகிறது, அதன் பெயருக்குப் பொருள் என்ன என்னும் மூன்று கேள்விகளோடு தொடங்குங்கள். அடுத்த ஆண்டு இம்மன்றத்தில், மாணவர்கள் தொகுத்த ஓர் ஆற்றின் சொற்பட்டியலேனும் அரங்கேற வேண்டும் என்பது என் விருப்பம். அதனைத் தொகுக்க முன்வரும் பள்ளிக்கு என்னால் இயன்ற உதவியைச் செய்யக் காத்திருக்கிறேன்.