மய்யித்தைக் குளிப்பாட்டக் கற்போம்

 

அமெரிக்காவில் இறந்தோர் உடலைப் பேணும் தொழிலுக்குக் கல்லூரிப் படிப்பு, பல்லாயிரம் டாலர் செலவு, உரிமம், ஊதியம் எல்லாம் உண்டு. நமக்கோ மய்யித்தைக் குளிப்பாட்டுவது பர்ளு கிஃபாயா. எவருமே செய்யாவிடில் அனைவரும் பாவிகளாவோம்.

இலந்தை இலை நீர், ஒற்றைப்படையாகக் கழுவுதல், இறுதியில் கற்பூரம், ஆணுக்கு மூன்றும் பெண்ணுக்கு ஐந்துமாகக் கஃபன் துணிகள். இவற்றைக் கற்கச் செலவு சொற்பமே. ஆயினும் நள்ளிரவிலும் அழைப்பு வரும். இதனை நம்பிக் குடும்பம் நடத்த இயலாது. ஆகவே இளைஞர்களின் தயக்கத்தை நாம் குறை கூறோம். கையுறை, பயணச் செலவு, அன்பளிப்பு ஆகியவற்றை ஜமாஅத்தே ஏற்கட்டும்.

பெண்களும் பயில வேண்டும். நபிகளாரின் மகளாரைக் குளிப்பாட்டியவர் உம்மு அத்திய்யா (ரலி) அவர்களே. நாளை நம்மைக் குளிப்பாட்டும் கரங்கள் இன்றே பயில அல்லாஹ் தவ்ஃபீக் அருள்வானாக! ஆமீன்.