மிஷன் வளாகம் கலைந்த கதை



அர்ஜென்டினாவின் வடபால், பருத்தி வயல்களும் முட்காடுகளும் விரிந்த சாக்கோ நிலப்பகுதியில் கோம் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். தோபா என்பது அயலார் இட்ட பெயர். 1943இல் வட அமெரிக்க மென்னோனைட்டுச் சபையார் இவர்களிடையே மிஷன் ஒன்றை நிறுவினர். ஆயுதம் ஏந்த மறுக்கும் மரபினர் அவர்கள். எனினும் நிறுவியதென்னவோ வழக்கமான மிஷன் வளாகமே. நிலம், பள்ளி, கடை, மருந்தகம் எல்லாம் அயலார் கையில். பத்தாண்டு உழைத்தும் பயன் கனியவில்லை. மக்களோ பெந்தெகொஸ்தேப் போதகர்களிடம் கேட்ட செய்தியைத் தம் பாட்டோடும் ஆட்டத்தோடும் நோய் தீர்க்கும் மரபோடும் இணைத்துத் தமக்கென ஒரு வழிபாட்டைப் படைத்துக்கொண்டனர்.

சோர்ந்த தொண்டர்கள் வில்லியம் ரைபர்ன் என்னும் மானிடவியல் அறிஞரின் துணையை நாடினர். 1954இல் அவர் தந்த அறிக்கை, அவ்வழிபாட்டைத் திருத்த முனையாது, அது எந்தத் தேவையிலிருந்து எழுந்தது என உணரச் சொன்னது. அதன்பின் நிகழ்ந்ததே வியப்பு. கட்டியவர்களே வளாகத்தைக் கலைத்தனர். தம் பெயரில் சபை நிறுவும் எண்ணத்தையும் விட்டனர். கோம் மக்கள் தாமே நடத்தும் ஐக்கிய நற்செய்திச் சபை 1958இல் அரசின் ஏற்புப் பெறத் துணைநின்றனர். 1924இல் நப்பல்பியில் காவல்துறையின் துப்பாக்கிக்கு உறவினரைப் பலிகொடுத்த இனத்துக்கு, சட்டம் ஏற்ற ஒரு கூடுமிடம் சிறிய பேறன்று.

மானிடவியல் அத்தோடு நிற்கவில்லை. தொண்டின்மீதே விளக்கைத் திருப்பியது. இதே மிஷனில் தொண்டராயிருந்து மானிடவியலாளராக மாறியவர் எல்மர் மில்லர். மிஷனரியே சமயச்சார்பின்மையைப் பரப்பும் முகவர் என்று 1970இல் அவர் எழுதினார். கோம் மக்களுக்கு நோயும் உணவும் ஆவியுலகும் ஒன்றோடொன்று பின்னியவை. மிஷனோ நோயை மருந்தகத்துக்கும், பண்டத்தைக் கடைக்கும், எழுத்தைப் பள்ளிக்கும் பிரித்தனுப்பிக் கடவுளைத் தேவாலயத்தில் மட்டும் இருத்தியது. கடவுளைக் கொண்டுவந்தவர்களே கடவுளின் எல்லையைச் சுருக்கினர்! ரைபர்னின் அறிக்கையைவிடக் கூரிய கருத்து இது. உள்ளிருந்தவர் சொன்னதால் வலிமையும் மிகுதி.

வளாகம் போனபின் எஞ்சிய பணிகளுள் தலையாயது மொழிப்பணி. ஆல்பர்ட் பக்வால்டரும் அவர் துணைவியார் லோயிசும் விருந்தினராகக் கோம் குடியிருப்புகளுக்குச் சென்று, அம்மக்களோடு அமர்ந்து மொழி கற்றனர். பக்வால்டரின் தோபாச் சொற்றொகுதி 1980இல் வெளிவந்தது. கோம் மொழியையும், அண்டை இனத்தாரின் மொக்கோயித், விச்சி மொழிகளையும் 2010இல் சாக்கோ மாகாணம் ஆட்சிமொழிகளாக ஏற்றது.