ஆகாய விமானியும் ஆத்திரப் பிரயாணியும்

(கோடம்பாக்கத்தில் கூடிய பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் உங்களில் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். "தெருவில் நிற்கும் மழைத் தண்ணீரைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் ஆகாய விமானத்தைப் பற்றி என்ன பேச்சு? அது பணக்காரன் சங்கதியல்லவா?" என்று கேட்கலாம். அந்தக் காலம் மலையேறிவிட்டது தோழர்களே! இந்தக் கோடம்பாக்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம் தாண்டி ஏழாவது ஸ்டேஷன் திரிசூலம். அதற்கு எதிரிலேயே விமான நிலையம். அங்கே போய் நின்று பாருங்கள். வளைகுடா நாட்டுக்குக் கொத்து வேலைக்குப் போகிறவன், சிங்கப்பூரிலுள்ள மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகிற தாய், வயலை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க அனுப்புகிற குடியானவன், இவர்களெல்லாம் வரிசையில் நிற்பதைக் காண்பீர்கள். ஆகவே இது நம்முடைய சங்கதிதான்.

சங்கதி இதுதான். 2024-ம் வருஷம் ஜனவரி மாதம் 14-ந் தேதி டில்லியில் கடும் மூடுபனி. கோவாவுக்குப் போகவேண்டிய ஒரு விமானம் பல மணி நேரம் கிளம்பவில்லை. முன்பு வந்த விமானிகளின் வேலை நேரம் தீர்ந்துபோய், வேறு விமானிகள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பிரயாணிகளுக்கு முன்னே நின்று, "இன்னும் தாமதமாகும்" என்று அறிவித்துக்கொண்டிருந்தார். பின் வரிசையிலிருந்து ஒரு பிரயாணி ஓடிவந்து அவரை அடித்துவிட்டார். பனியை உண்டாக்கியவர் அவரல்ல. அட்டவணையைப் போட்டவரும் அவரல்ல. டிக்கெட் காசு அவர் பைக்குள் போனதுமல்ல. உள்ளதைச் சொல்ல வந்தார், அடி வாங்கினார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பாட்டிமார்கள் சொல்லுவார்களே, அதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

அடித்தவனைத் திட்டிவிட்டுப் போய்விடுவது சுலபம். ஆனால் நாம் காரணம் கேட்கிறவர்கள். விமானம் ஏன் இறங்க மறுக்கிறது? ஏன் வேறு ஊருக்குப் போகிறது? போன இடத்திலும் கதவை ஏன் திறப்பதில்லை? இவை தெரியாதவரையில் கோபம் ஆள்மாறித்தான் போகும்.

முதலில் இறங்குவதைப் பற்றிச் சொல்லுகிறோம். 2024 நவம்பர் 30-ந் தேதி பெங்கல் புயல் கரையை நெருங்கிய பகலில், மும்பையிலிருந்து வந்த ஒரு விமானம் மீனம்பாக்கத்தில் இறங்க முயன்றது. தரையைத் தொடும் சமயத்தில் குறுக்குக் காற்று தள்ள, அது ஆடியதையும், உடனே மூக்கைத் தூக்கி மறுபடி மேலே போய்விட்டதையும் படம் பிடித்து நாடெல்லாம் பார்த்தார்கள். பார்த்தவர்களில் பலர் "ஐயோ, இறக்கத் தவறிவிட்டானே!" என்றார்கள். தவறவில்லை தோழர்களே! அதுதான் அந்த வேலையின் சரியான செய்கை. இறங்கும் பாதை சரியாக அமையவில்லையென்றால் மேலே போய்விடு என்பது விமானிக்குச் சொல்லிக்கொடுத்த முதற் பாடங்களில் ஒன்று. அன்று நிலையத்தையே மூடி, மறுநாள்தான் திறந்தார்கள்.

இந்தக் கோடம்பாக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். உங்கள் ஊரில் எடுத்த படங்கள் நமக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. கதாநாயகன் என்றால் புயலானாலும் பூகம்பமானாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே பாயவேண்டும்; கொட்டகையில் விசில் பறக்கவேண்டும். படத்துக்கு அது சரி. கொட்டகையில் செத்தவன் அடுத்த ஆட்டத்தில் எழுந்து வருவான். ஆகாயத்தில் அப்படியில்லை. அங்கே பாய்கிறவன் வீரனல்ல, திரும்பிப் போகத் துணிந்தவனே வீரன். நூற்றெண்பது பேர் பின்னால் முணுமுணுப்பார்கள், முதலாளி எண்ணெய்ச் செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று தெரிந்தும் திரும்புகிறானே, அதற்குத்தான் நெஞ்சு வேண்டும்.

திரும்பாதவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? 2020 ஆகஸ்டு 7-ந் தேதி, கொரோனாக் காலத்தில் துபாயிலிருந்து நம் மக்களை ஏற்றிக்கொண்டு 190 பேருடன் ஒரு விமானம் கோழிக்கோட்டுக்கு வந்தது. குன்றை வெட்டி மேசைபோலச் செய்த நிலையம் அது. நல்ல மழை. முதல் தடவை இறங்க முடியாமல் மேலே போயிற்று. இரண்டாந் தடவை வேறு பக்கமாக, பின்னாலிருந்து காற்றுத் தள்ள, ஓடுபாதையில் ஏறக்குறையப் பாதி தூரம் கடந்த பிறகு தரையைத் தொட்டது. நிற்கவில்லை, பாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. இரண்டு விமானிகளையும் சேர்த்து 21 பேர் மாண்டார்கள். வேறு ஊருக்குப் போக எண்ணெயும் இருந்தது, ஊர்களும் இருந்தன. பக்கத்திலிருந்த துணை விமானி "மேலே போங்கள்" என்று சொல்லியும் இருக்கிறார். மறுநாட் காலை அந்த ஊரிலிருந்து கிளம்பவேண்டிய விமானத்தைத் தாமே ஓட்டவேண்டும், ஆகையால் அங்கேயே இறங்கிவிடவேண்டும் என்ற எண்ணமும் தலைமை விமானியை உந்தியிருக்கிறதென்று விசாரணை அறிக்கை சொல்லுகிறது.

மங்களூரை நினைத்துப் பாருங்கள். 2010 மே 22-ந் தேதி 166 பேரில் 158 பேர் செத்தார்கள். அங்கே மழையுமில்லை, புயலுமில்லை. வழியில் நெடுநேரம் தூங்கி எழுந்த தலைமை விமானி, இறங்கும் கணக்குத் தவறிய பின்பும் இறக்கினார். துணை விமானி "மேலே போங்கள்" என்று மூன்று தடவை சொன்னார். யார் கேட்டார்கள்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இரண்டு இடத்திலும் சிறியவன் சரியாகச் சொன்னான், பெரியவன் கேட்கவில்லை. "நான் பெரியவன், எனக்குத் தெரியாதா?" என்ற எண்ணம் நம் வீட்டில் இருக்கிறது, ஆபீசில் இருக்கிறது, ஊர்ப் பஞ்சாயத்தில் இருக்கிறது. அங்கெல்லாம் அது மனிதனின் மானத்தைக் கொல்லுகிறது; ஆகாயத்தில் ஆளையே கொல்லுகிறது. வெள்ளைக்காரன் மட்டும் இதற்கு விலக்கல்ல. 1977 மார்ச்சு 27-ந் தேதி, கானரித் தீவுகளில் ஒரு நிலையத்தில் வெடிகுண்டு வெடித்ததால் பல விமானங்களைப் பக்கத்துத் தீவான டெனரிபேக்குத் திருப்பிவிட்டார்கள். சிறிய நிலையம், நெருக்கடி, பிறகு மூடுபனி. வேலை நேரம் தீர்ந்துபோகுமே என்ற அவசரத்திலிருந்த ஒரு பெயர்பெற்ற டச்சு விமானி, அனுமதி வருமுன்பே கிளம்பிவிட்டார். "எதிர் விமானம் பாதையை விட்டுப் போய்விட்டதா?" என்று கூட இருந்தவர் சந்தேகம் கேட்டார். "போய்விட்டது" என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டார். போகவில்லை. 583 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் சிறியவன் பேசவேண்டும், பெரியவன் கேட்கவேண்டும் என்பதையே ஒரு பாடமாக வைத்து உலகமெங்கும் விமானிகளுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பாடம் விமானத்துக்கு மட்டும் போதுமா, வீட்டுக்கு வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நிற்க, "அந்தக் கம்பெனி விமானம் இறங்கிற்றே, நம் விமானம் மட்டும் ஏன் இறங்கவில்லை?" என்று ஒரு கேள்வி. நியாயமான கேள்விதான். சாதாரணக் கருவி முறையில் இறங்குவதற்கு ஓடுபாதை சுமார் 550 மீட்டர் தூரத்துக்காவது கண்ணுக்குத் தெரியவேண்டும். டில்லி போன்ற இடத்தில் உயர்ந்தரகக் கருவிகள் இருப்பதால் 50 மீட்டர் தெரிந்தாலும் இறங்கலாம். ஆனால் நிலையத்தில் கருவி இருந்தால் மட்டும் போதாது. விமானத்திலும் அதற்குத் தக்க கருவி இருக்கவேண்டும். விமானியும் அந்தப் பயிற்சி பெற்றிருக்கவேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் திரும்பவேண்டியதுதான். காற்றோ நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுவது. பத்து நிமிஷம் முன்பு இறங்கியவனுக்குக் கிடைத்த காற்று நமக்குக் கிடைக்காது.

எண்ணெய்க் கணக்கு ஒன்று இருக்கிறது. போகவேண்டிய ஊருக்கு வேண்டியது, அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று ஊருக்கு வேண்டியது, அதற்கும் மேலே 30 நிமிஷம் பறப்பதற்குக் கடைசிக் கையிருப்பு என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்புகிறார்கள். அந்த மாற்று ஊரைக் கிளம்புமுன்பே குறித்துவிடுகிறார்கள். ஆகவே சென்னைக்கு வந்த விமானம் பெங்களூருக்கோ திருச்சிக்கோ போனால், வழி தெரியாமல் போய்விட்டதென்று அர்த்தமல்ல. முன்யோசனை பலித்ததென்று அர்த்தம். ஆகாயத்தில் வட்டமிடுவதற்கும் ஒரு எல்லை உண்டு. கையிருப்பைத் தொடுமுன் முடிவு செய்தாகவேண்டும்.

போன இடத்தில் கதவைத் திறப்பதில்லையே என்றால், அங்கே ஏற்கனவே பத்து விமானங்கள் வந்து நிற்கும், ஏணி கிடைக்காது, நிற்க இடம் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வந்த விமானமானால் சுங்கச் சோதனையும் குடியேற்றச் சோதனையும் இல்லாமல் யாரையும் வெளியே விடமுடியாது. இறங்கினவர்களை மறுபடியும் சோதித்துத்தான் ஏற்றவேண்டும். அதற்குள் வானம் தெளிந்து கிளம்பும் முறை வந்தால் அந்த முறையும் தவறிப்போகும். இதற்கிடையில் விமானிகளின் வேலை நேரம் தீர்ந்துவிட்டால் வேறு ஆள் வரவேண்டும். தூக்கம் கெட்ட வண்டிக்காரனிடம் மாட்டுவண்டியையே விடமாட்டோமே, விமானத்தை விடலாமா?

இவ்வளவும் சொன்னதால், பிரயாணி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும் என்று நாம் சொல்லுவதாக எண்ணிவிடாதீர்கள். பிரயாணியின் கஷ்டம் உண்மையான கஷ்டம். பால் குடிக்கும் குழந்தை அழுகிறது. நீரிழிவுக்காரக் கிழவனுக்குச் சாப்பாட்டு வேளை தப்புகிறது. நாளைக் காலையில் வேலையில் சேராவிட்டால் வேலை போய்விடும் என்று ஒருவன் பதறுகிறான். "அரை மணி, அரை மணி" என்று எட்டு அரை மணி சொல்லிக் கழித்தால் எவனுக்குத்தான் பொறுமை இருக்கும்? டில்லியில் அடி விழுந்த அதே நாளில், கோவாவிலிருந்து டில்லிக்குக் கிளம்பிய வேறொரு விமானம் பனியினால் மும்பைக்குத் திருப்பப்பட்டது. அதன் பிரயாணிகள் விமானம் நிற்கும் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்காகக் கம்பெனிக்கு 1.20 கோடி ரூபாயும், நிலையத்துக்கு மொத்தம் 90 லட்சம் ரூபாயும் அபராதம் விழுந்தது. பாருங்கள், பனிக்கு அபராதமில்லை. மனிதனை மனிதனாக நடத்தாததற்குத்தான் அபராதம். அதன் பிறகு, தாமதத்தின் உண்மை நிலையை உடனுக்குடன் தெரிவிக்கவேண்டும், 3 மணிக்கு மேல் தாமதமாகுமென்று தெரிந்தால் முன்கூட்டியே ரத்துச் செய்யலாம் என்று சர்க்கார் விமான இலாகா கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது.

உங்கள் உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள். புயலுக்கும் பனிக்கும் நஷ்டஈடு கேட்கமுடியாது, விதி அப்படி. ஆனால் குறுகிய தூர விமானம் 2 மணிக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தரவேண்டும். 6 மணிக்கு மேலே போகுமென்றால் வேறு விமானமோ, கொடுத்த பணமோ கேட்கலாம். இவற்றைக் கேட்பது சண்டையல்ல, உரிமை. கை நீட்டுவதோ குற்றம். 2017-ம் வருஷத்து விதிப்படி, வாயால் வம்பு செய்தால் 3 மாதம் வரையிலும், கையால் செய்தால் 6 மாதம் வரையிலும், உயிருக்கு ஆபத்து வரும்படி செய்தால் 2 வருஷத்துக்குக் குறையாமலும் விமானத்தில் ஏறத் தடை போடலாம்.

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. விமானிக்கு வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கி, இரவில் இறக்கும் தடவையையும் குறைத்து 2024 ஜனவரியில் விதி வந்தது. கம்பெனிகள் தயாராவதற்குப் போதிய காலம் கொடுத்து, 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு தவணையாக அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். அப்படியிருந்தும் டிசம்பரில் நாட்டின் மிகப் பெரிய கம்பெனி ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்துச் செய்தது. உடனே, தளர்த்தப்பட்டது எது? இரவு வேலையைப் பற்றிய விதி! அந்த நாட்களில் நிலையங்களில் திட்டு வாங்கியவர்கள் யார்? மேசைக்குப் பின்னால் நின்ற சம்பளக்காரப் பிள்ளைகள். முதலாளி அங்கே நிற்கவில்லை. கூலிக்காரனும் பிரயாணியும் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டால் முதலாளிக்குக் கவலையென்ன?

கடைசியாக நம்மையும் கேட்டுக்கொள்ளவேண்டும். 2018 ஜனவரி 13-ந் தேதி போகியன்று சென்னையில் என்ன நடந்தது? பனியோடு, நாம் வீட்டுக்கு வீடு கொளுத்திய பாய், டயர், பிளாஸ்டிக்குப் புகையும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் ஓடுபாதையே கண்ணுக்குத் தெரியவில்லை. வரவேண்டிய விமானங்களை ஐதராபாத், பெங்களூர் முதலிய ஊர்களுக்குத் திருப்பினார்கள். போகவேண்டியவை மணிக்கணக்கில் நின்றன. அன்று நிலையத்தில் கத்தியவர்களில் எத்தனை பேர் விடியற்காலையில் தன் வீட்டு வாசலில் டயரைக் கொளுத்திவிட்டு வந்தார்களோ! பழையதைக் கழிக்கவேண்டும் என்பது நல்ல எண்ணம்தான். கழிக்கவேண்டிய பழையது வீட்டுப் பரணில் இருப்பதைவிட மண்டையில் அதிகம் இருக்கிறது. அதைக் கொளுத்தினால் புகை வராது, விமானமும் திரும்பாது.

ஆகவே தோழர்களே! இனி ஒரு நாள் நீங்களோ உங்கள் பிள்ளையோ ஏறிய விமானம் சென்னைக்கு மேலே வட்டமிட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனால், முதலில் காரணத்தைக் கேளுங்கள். பிறகு தண்ணீரைக் கேளுங்கள், சாப்பாட்டைக் கேளுங்கள், உண்மையான நேரத்தைக் கேளுங்கள். பக்கத்தில் அழும் குழந்தைக்கும் சேர்த்துக் கேளுங்கள். கேட்கவேண்டியதைக் கேட்கவேண்டியவனிடம் கேளுங்கள். "இறக்கு" என்று மட்டும் விமானியை நெருக்காதீர்கள். "மேலே போங்கள்" என்ற சொல்லைக் கேட்காததனால் கோழிக்கோட்டிலும் மங்களூரிலும் வீடு திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். கேட்டதனால் தாமதமாக வீடு வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நாம் புத்திக்கு முதலிடம் கொடுத்து, ஆத்திரத்தை அதற்கு உரியவன் பக்கம் திருப்பவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.