எல்லா விளக்கும் ஒன்றாக எரிகிறதா? முதலில் பேட்டரியைப் பாருங்கள்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் பேசிய பேச்சு)



புகையான், இலைச்சுருட்டுப் புழு, மேலுரம் என்று கேட்டுப் பழகிய நேரத்திலே, இன்றைக்குக் காருக்குள் இருக்கிற பேட்டரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விவசாயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். தக்காளியும் வெண்டையும் விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போவது இன்றைக்கு மாட்டு வண்டியில் அல்ல. வீட்டில் ஒரு காரோ சின்ன சரக்கு வண்டியோ நிற்கிறது. அது காலை நாலு மணிக்குக் கிளம்ப மறுத்தால் நஷ்டம் யாருக்கு? நமக்குத்தானே!

பழைய டீசல் ஜீப்பையும் அம்பாசிடரையும் நினைத்துப் பாருங்கள். செல்ஃப் அடிக்க, ஹாரன் அடிக்க, விளக்குப் போட, இவ்வளவுக்குத்தான் பேட்டரி. வண்டி ஓட ஆரம்பித்துவிட்டால் டீசல் பம்ப் தன் பாட்டுக்கு வேலை செய்யும். பேட்டரி செத்துக் கிடந்தாலும் நாலு பேர் சேர்ந்து தள்ளினால் கிளம்பிவிடும்.

இப்போது வருகிற வண்டி அப்படி இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கிற கார்களுக்குப் பி.எஸ். 6 என்கிற புகைக் கட்டுப்பாடு கட்டாயமாகிவிட்டது. எவ்வளவு எண்ணெய் தெளிக்க வேண்டும், எப்போது தெளிக்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது ஒரு சின்ன கம்ப்யூட்டர். மெக்கானிக்குகள் இ.சி.எம். என்று சொல்வது இதைத்தான். இதைப் போலவே ஸ்டியரிங்குக்கு ஒன்று, ஏ.பி.எஸ். பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, கதவுப் பூட்டுக்கு ஒன்று என்று வண்டிக்குள்ளே பல பெட்டிகள் இருக்கின்றன. இவை ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் சோறு போடுவது அந்த 12 வோல்ட் பேட்டரிதான்.

நம் பம்ப் செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் லோ வோல்டேஜ் ஆனால் என்ன ஆகிறது? மோட்டார் உறுமும், தண்ணீர் ஏறாது. நல்ல ஸ்டார்ட்டராக இருந்தால் மோட்டார் புகைந்து போகாமல் தானாக நிறுத்திவிடும். உடனே மோட்டார் போச்சு என்று காயில் கட்டக் கொடுப்போமா? மாட்டோம். வோல்டேஜ் வரட்டும் என்று காத்திருப்போம். காரிலும் அதே கதைதான். வோல்டேஜ் குறைந்தால் அந்தப் பெட்டிகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேலையை நிறுத்தும். நிறுத்திவிட்டு, டாஷ்போர்டில் ஒரு விளக்கை எரிய விடும்.

அடையாளம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ரிமோட்டை அமுக்கினால் கதவு சுணங்கித் திறக்கும். கடிகாரம் பன்னிரண்டு மணிக்குப் போய் நிற்கும். செல்ஃப் அடிக்கும்போது டிக் டிக் என்று சத்தம் வரும், மீட்டர் முள் துள்ளும். சிக்னலில் நின்றால் தானாக எஞ்சின் அணைகிற வசதி உள்ள வண்டியில் அந்த வசதி வேலை செய்யாது. பிறகு எஞ்சின் விளக்கு, ஏ.பி.எஸ். விளக்கு, ஸ்டியரிங் விளக்கு, ஏர்பேக் விளக்கு எல்லாம் திருவிழா சீரியல் பல்பு மாதிரி ஒன்றாக எரியும். மின்சார ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஸ்டியரிங் திடீரென்று கனத்துப் போவதும் உண்டு.

ஐயா, இந்த இடத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும். நாலு விளக்கு எரிந்தால் நாலு சாமான் கெட்டுப்போச்சு என்று அர்த்தம் இல்லை. நாலு சாமானும் ஒரே நாளில் கெட வாய்ப்பு குறைவு. நாலுக்கும் பொதுவானது எது என்று யோசியுங்கள். பேட்டரியும் அதன் வயர்களும்தான். இதைப் பார்க்காமல் ஸ்டியரிங் மோட்டாரை மாற்று, இ.சி.எம்.மை மாற்று என்று யாராவது சொல்லி, நாமும் தலையை ஆட்டினால், ஒரு போக வெள்ளாமைப் பணம் போய்விடும். மாற்றிய பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்! ஆகவே எதையும் கழற்றச் சொல்வதற்கு முன்னால், "பேட்டரி வோல்டேஜ் எவ்வளவுங்க?" என்று கேளுங்கள்.

அதை நாமே பார்க்கலாம். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கிற சாதாரண மல்டிமீட்டர் போதும். டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை பிளஸ்ஸில், கறுப்பு முனை மைனஸில். இரவெல்லாம் நின்ற வண்டியில், சாவி போடாமல் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதிதான். 12 என்றால் கால் பங்குதான் மிச்சம். பார்த்தீர்களா, 12 வோல்ட் பேட்டரியில் 12 காட்டுகிறதே என்று திருப்திப்படக் கூடாது.

அடுத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் முள்ளோ எண்ணோ 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. வண்டி ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கும். ஓடும்போதும் 12.5க்கு மேல் ஏறவே இல்லையா? அப்படியானால் குற்றம் பேட்டரியில் இல்லாமல் இருக்கலாம். டைனமோவையும் பெல்ட்டையும் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தாலும் கரண்ட் சரியாகப் போகாது.

சரி, பேட்டரி ஏன் இறங்குகிறது? வண்டி சும்மா நின்றாலும் கடிகாரமும் பூட்டும் கம்ப்யூட்டரும் கொஞ்சம் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி ஆகிறது. 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பதினைந்து நாளில் பாதி காலி. நடவும் அறுப்புமாக இருக்கிற சமயம் காரைக் கொட்டகையில் ஒரு மாதம் விட்டுவிடுகிறோம், அப்புறம் கிளம்பவில்லை என்கிறோம். ரோட்டுக்கடை வரை போய் உடனே திரும்புகிற குறுகிய ஓட்டமும் கெடுதல்தான். செல்ஃப் எடுத்த கரண்ட்டைத் திருப்பிக் கட்ட டைனமோவுக்கு நேரம் கிடைப்பதில்லை. பிறகு, பிள்ளைகள் மாட்டுகிற பெரிய பாட்டுப் பெட்டி, கலர் லைட். வயரைக் கண்ட இடத்தில் வெட்டிச் சொருகினால் சாவியை எடுத்த பிறகும் அது கரண்ட் குடித்துக்கொண்டிருக்கும்.

இனி, செய்யக் கூடாதவை.

ஒன்று, வண்டி ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி டைனமோவைச் சோதிப்பது. பழைய வண்டிக்குச் சரிக்கட்டிக்கொண்டோம். இன்றைய வண்டியில் அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி, கம்ப்யூட்டரையே பொசுக்கிவிடும்.

இரண்டு, லாரியிலிருந்து கரண்ட் கொடுப்பது. பெரிய லாரிகளில் 24 வோல்ட் இருக்கும். 12 வோல்ட் காருக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

மூன்று, அடியோடு இறங்கிய வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யப் பார்ப்பது. பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் இல்லாதபோது தள்ளி என்ன பயன்? ஆட்டோமேட்டிக் கியர் வண்டி தள்ளினால் கிளம்பவே கிளம்பாது.

நான்கு, பேட்டரி வயரைக் கழற்றாமல் வண்டியில் வெல்டிங் வைப்பது. புது டிராக்டர்களில் கம்ப்யூட்டர் உள்ளவற்றுக்கும் இது பொருந்தும். வெல்டிங்குக்கு முன்னால் கையேட்டில் சொன்னபடி பேட்டரியையும் கம்ப்யூட்டர் இணைப்பையும் பிரித்துவிடுங்கள்.

அவசரத்துக்கு இன்னொரு 12 வோல்ட் வண்டியிலிருந்து கரண்ட் எடுப்பதானால் வரிசை இதுதான். சிவப்பு வயரை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு வயர் நல்ல பேட்டரியின் மைனஸில். அதன் மறுமுனையை இறங்கிய பேட்டரியில் மாட்ட வேண்டாம். பேட்டரிக்குத் தள்ளி, எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். பேட்டரியில் எரிகிற வாயு வரும், பொறி பட்டால் வெடிக்கும். பக்கத்தில் நின்று பீடி பற்ற வைக்காதீர்கள். கிளம்பிய பிறகு கழற்றுவது அப்படியே தலைகீழ் வரிசையில்.

கிளம்பிய வண்டியில் உடனே வேகமாகப் போகாமல், சிறிது தூரம் நிதானமாக ஓட்டுங்கள். வோல்டேஜ் ஏறியதும் பல விளக்குகள் தாமாக அணையும். ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் அணையாமல் நின்றால் அலட்சியம் கூடாது. அது உயிர் சம்பந்தப்பட்டது. ஒர்க் ஷாப்பில் காட்டிவிடுங்கள். ஓட்டும்போதே ஸ்டியரிங் கனத்தால் பதற வேண்டாம். பலம் கொடுத்துத் திருப்பினால் திரும்பும். மெல்ல ஓரம் கட்டுங்கள்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. மூடி உள்ள பேட்டரி என்றால் மாதம் ஒரு முறை தண்ணீர் மட்டம் பாருங்கள். குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணியும் கிணற்றுத் தண்ணியும் ஆகாது, அதில் உள்ள உப்பு தட்டுகளைக் கெடுக்கும். ஆசிட் ஊற்றவே கூடாது. டெர்மினலில் பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவி, துடைத்து, வாசலின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் வண்டியை ரோட்டில் ஓட்டுங்கள். நம் வெயிலுக்குப் பேட்டரி சீக்கிரம் தளரும். ஆகவே மூன்று ஆண்டு தாண்டிவிட்டால் அறுப்புக் காலத்துக்கு முன்பே ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். புதிது வாங்கினால் பழையதில் எழுதியுள்ள அதே வகை, அதே அளவு கேட்டு வாங்குங்கள்.

உழவர் பெருமக்களே, பயிர் ஒட்டுமொத்தமாக வாடினால் ஒவ்வொரு இலையாக மருந்து அடிக்க மாட்டோம். வேரைத் தோண்டிப் பார்ப்போம். வண்டியில் விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தாலும் அதே புத்திதான் வேண்டும். வண்டிக்கு வேர் பேட்டரி. அதை முதலில் பாருங்கள், வீண் செலவைத் தவிருங்கள்.