பாதத்தின் காய்ப்பு

வயல் வரம்பிலும் மலைச்சரிவிலும் வெறுங்காலுடன் உழைப்போரின் பாதம் காய்த்துப்போவது இயல்பே. ஓயாத அழுத்தமும் உராய்வும் நேரும் இடத்தில், உடல் தன்னைக் காத்துக்கொள்ளவே தோலைத் தடிக்கச் செய்கின்றது. எனினும் காய்ப்பு மிகுந்தால் தோல் வெடிக்கும். வெடிப்பின் வழியே கிருமிகள் புகும்.

இதற்கு வீட்டிலேயே பரிகாரமுண்டு. இரவில் இளஞ்சூடான நீரில் பாதங்களை 10 நிமிடம் ஊறவைத்து, நுரைக்கல்லால் மெல்லத் தேய்த்து, ஈரத்தை ஒற்றியெடுத்துத் தேங்காயெண்ணெய் பூசுதல் வேண்டும். விரலிடுக்குகளில் மட்டும் எண்ணெய் பூசலாகாது. அளவான பாதணி காய்ப்பு மீளாது காக்கும்.

சவர அலகால் சீவுதல் எவருக்கும் தீது, நீரிழிவுள்ளோர்க்கோ பெருங்கேடு. அவர்தம் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருந்தால் காயம் தெரியாது. தெரியாத காயம் புண்ணாகிக் காலையே இழக்கச் செய்தலுங்கூடும். அன்னோர் தாமே ஊறவைக்கவும் தேய்க்கவும் முற்படாது, நாள்தோறும் பாதங்களைக் கவனித்து, காய்ப்புக் கண்டதும் வைத்தியரை நாடுதலே அறிவுடைமை.