தொட்டியும் ஊருணியும்



படாபஜார் மார்வாடிக் கடைகளைப் பார்த்து, "வியாபாரம் இவர்கள் ரத்தத்திலேயே ஊறியது" என்கிறோம். ரத்தத்தில் ஒன்றுமில்லை. இவர்களில் பலருடைய முன்னோர் சூரு, ஜுன்ஜுனு, சீக்கர் ஆகிய வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். மழையை நம்பமுடியாத ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வெளியே போனால்தான் அடுப்பெரியும். ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து நாம் ரயிலேறியதும் அதே கணக்கில்தான். ரயில்வேயில் இருக்கும் எங்களுக்குத் தெரியும்: எந்த ஊரில் மழை பொய்த்தது என்பதை டிக்கெட் ஜன்னலே சொல்லிவிடும்.

ஊரிலேயே தங்கியவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? ஜெய்சல்மேரில் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடக் கிடையாது. கொல்கத்தாவில் 1,600க்கும் மேல். அப்படியும் பஸ்திக் குழாயடியில் சண்டை. அங்கே கிடைக்கும் கொஞ்ச மழையை 'டாங்கா' என்ற நிலத்தடித் தொட்டியில் சேர்த்தார்கள். சுற்றியுள்ள சரிவான தரைக்கு 'ஆகோர்' என்று பெயர். மழைக்கு முன் அதைப் பெருக்கி வைப்பார்கள். செருப்புக்காலோடு அதில் நடக்கக்கூடாது. ஊருணியில் கால் கழுவினால் நம் பெரியவர்கள் அதட்டுவார்களே, அதே கட்டுப்பாடுதான். பாலிவால்கள் ஒருபடி மேலே போனார்கள். நீர் வழிந்தோடும் தாழ்வில் நீளமாக மண்கரை போட்டு, தேங்கிய நீர் ஊறியபின் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைத்தார்கள். அதுதான் 'கடீன்'. நம் வன்னி மரம் அங்கே 'கேஜ்ரி'. தழை ஆட்டுக்கு, காய் கறிக்கு. அதை வெட்டவந்த ஜோத்பூர் அரசனின் ஆட்களைத் தடுத்து 1730இல் கேஜர்லியில் 363 பிஷ்னோயிகள் உயிரைக் கொடுத்தார்கள்.

இதைக் கேட்டு மயங்கிவிட வேண்டாம். 1899-1900 பஞ்சத்தில் இந்தத் தொட்டிகளும் வற்றின; மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு நடந்தார்கள். மழை பெய்த ஆண்டுகளிலும் தாழ்த்தப்பட்டவர்கள் கிணற்றைத் தொடமுடியாமல், மேல்சாதிக்காரர் ஊற்றும்வரை குடத்தோடு காத்து நின்றார்கள். நம் ஊர்களில் மட்டும் என்ன, தனித்துறை இல்லையா? மண்ணின் வறட்சிக்குப் பழகியதைப் புகழ்கிறவர்கள் இந்தக் காத்திருப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

இப்போது நம் காரியத்துக்கு வருவோம். வன்னிக்கு உறவுமுறையான சீமைக் கருவேலம் நம் ஊருணிகளில் மண்டிக் கிடக்கிறது. ஊர்த் திருவிழாவுக்கு நாம் அனுப்பும் பணத்தில் பாதியை இந்த ஆண்டு தூர்வார ஒதுக்குவோம். எல்லாத் தெருவுக்கும் ஒரே துறை என்று ஊரார் எழுதிக் கொடுக்கட்டும். அதன்பிறகு பணம் போகட்டும். ரசீதுப் புத்தகம் செயலாளரிடம் இருக்கிறது.